உப்பு ஏற்றிய வழியில் கோடிக்கரை

வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் சோழமண்டலக் கடற்கரை சட்டென்று மேற்கே முறிந்து திரும்பும் முனைதான் கோடிக்கரை. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை. நாகப்பட்டினம் மாவட்டத்தின் அந்தக் கடைசி மூலையில் காடும் புல்வெளியும் மணல்மேடும் சேற்றுவெளியும் உப்புச் சதுப்பும் சில கிலோமீட்டருக்குள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. வெளிமான்களைக் காப்பதற்காக 1967-இல் இங்கே சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2002-இல் இதையும் தலைஞாயிறு காப்புக்காடு, வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, முத்துப்பேட்டை அலையாத்திக் காடு ஆகியவற்றையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமானது. 2022 வரை தமிழ்நாட்டில் அந்தத் தகுதி பெற்ற ஒரே இடம் இதுதான்.

நாமக்கல்லிலிருந்து கோடிக்கரைக்குச் சாலை வழியாக 250 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். வளையப்பட்டி, தொட்டியம், முசிறி, குணசீலம் என்று காவிரியின் வடகரையிலேயே வந்து, திருச்சியில் கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டி, தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேதாரண்யம் போக வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர் கூடும். வழியெல்லாம் பக்கத்துணையாக வருவது காவிரி. சேலம் மாவட்டத்தின் மேட்டூர் அணையில் தேங்கும் நீர், கல்லணைக்குக் கீழே பல ஆறுகளாகப் பிரிகிறது. அவற்றில் பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் போய்க் கடலில் சேர்கின்றன. ஆக, சேலம், நாமக்கல் பக்கத்துக்காரர்கள் வீட்டுப் பக்கம் பார்க்கும் ஆற்றின் ஒரு முடிவு, அவர்கள் தேடிப்போகும் ஈரநிலத்துக்குள்ளேயே இருக்கிறது.

அந்த ஆறு கீழே இறங்கும் வழியில், எதிர்த்திசையில் உப்பு மேலே ஏறிக்கொண்டிருந்தது. மேட்டூர் ரசாயன ஆலைகளில் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுக்கிறார்கள். அதற்கு வேண்டிய உப்பு வேதாரண்யத்து உப்பளங்களிலிருந்து போனது. நாமக்கல்லை அடுத்த பரமத்தி பக்கத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் 1980-களில் அந்த உப்பைப் பல ஆண்டுகள் ஏற்றினார். இரவில் அகஸ்தியன்பள்ளியில் வண்டியை நிறுத்தி, தார்பாய்க்கு அடியில் உறங்கி, விடிந்ததும் லோடு ஏற்றிக்கொண்டு திரும்புவது அவருடைய வேலை. அங்கிருந்து பத்துக் கிலோமீட்டர் தெற்கே போனால் கோடிக்கரை. அத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூட அவர் அந்தப் பத்துக் கிலோமீட்டரைக் கடக்கவில்லை. லோடு இல்லாத திசையில் வண்டி ஓடினால் டீசல் நட்டம் என்பதே அன்றைய கணக்கு. உப்புப் பாத்திகளின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஏதோ நின்றது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. உப்பு பூத்திருப்பதாக அப்போது நினைத்துக்கொண்டாராம்.

2018-இல் குடியரசு நாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. தொடர் விடுமுறையில் மகள், மருமகன், பதினொரு வயதுப் பேத்தியோடு அவர் அதே வழியில் மறுபடியும் புறப்பட்டார். இந்த முறை லாரி இல்லை, மருமகனின் சிறிய கார். விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். கட்டுச்சோறாகப் புளிச்சோறு, ஒரு தூக்குப்போசி நிறையத் தயிர்சோறு, இரண்டு கேன் தண்ணீர், பேத்தியின் நோட்டு ஒன்று. மருமகன் ஒரு பைனாகுலர் இரவல் வாங்கி வந்திருந்தார். கோடிக்கரைக்குப் போகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில் தண்ணீரே முதன்மையானது. வேதாரண்யத்தைத் தாண்டினால் நல்ல தண்ணீருக்கும் பெட்ரோலுக்கும் மறுபடி வேதாரண்யத்துக்கே திரும்ப வேண்டும்.

தஞ்சாவூரைத் தாண்டும்போது விடிந்துவிட்டது. மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுவடை. வயலில் இறங்கிய அறுவடை வண்டிகளில் சில, சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வாடகைக்கு வந்தவை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். ஆகவே ஜனவரிக் கடைசியில் டெல்டா வாய்க்கால்களில் ஓடுவது அந்தப் பருவத்தின் கடைசி நீர். திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் ஊர்ப் பெயர்களே மாறுகின்றன. ஆயக்காரன்புலம், கருப்பம்புலம் என்று வரிசையாகப் புலங்கள். மண் மணலாகிறது. நெல் குறைந்து தென்னையும் மாவும் சவுக்கும் வருகின்றன.

வேதாரண்யத்துக்கு இந்த வழியில் வந்தவர்களில் தமிழ்நாடு மறக்காத கூட்டம் ஒன்று உண்டு. 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக ஏறத்தாழ 150 மைல் கடந்து வேதாரண்யம் சேர்ந்தார். ஏப்ரல் 30-இல் உப்பு அள்ளிக் கைதானார். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ தருவது குற்றம் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் ஆணையிட்டிருந்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். அந்த நடைக்குச் சேலம், நாமக்கல் மண்ணோடு நெருங்கிய உறவு உண்டு. ராஜாஜி சேலத்தில் வழக்கறிஞராக இருந்தவர், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர், 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். தொண்டர்கள் பாடி நடந்த பாட்டை எழுதிய நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை, 1888-இல் மோகனூரில் பிறந்தவர். அகஸ்தியன்பள்ளியில் நிற்கும் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணருகே அந்தக் கார் நின்றது. முப்பது ஆண்டுகளுக்கு முன் லாரியை நிறுத்தி உறங்கிய இடம் எது என்று பெரியவர் தேடினார். புதிய கட்டடங்கள் வந்துவிட்டிருந்தன. உப்புக் குவியல்கள் மட்டும் அப்படியே, தென்னங்கீற்று போர்த்தி வரிசையாகக் கிடந்தன.

கோடியக்காட்டுக்குள் சாலை நுழைந்ததும் வெளிச்சம் குறைகிறது. இது ஓங்கி வளரும் மழைக்காடு இல்லை. கடல்காற்றும் மணலும் உப்பும் சேர்ந்து குட்டையாக்கி இறுக்கிவைத்த வறண்ட பசுமைமாறாக் காடு. கோடையிலும் இலை உதிராது. சோழமண்டலக் கரை நெடுக ஒருகாலத்தில் பரவியிருந்த இவ்வகைக் காடு இன்று கோயில்காடுகளாகத் துண்டு துண்டாகவே மிஞ்சியிருக்கிறது. பெரிய பரப்பாக எஞ்சிய சிலவற்றுள் கோடியக்காடு ஒன்று. இதன் தலைமரம் பாலை. கோடையில் மஞ்சளாகப் பழுக்கும் பாலைப்பழத்தை வேதாரண்யம் தெருக்களில் கூறு கட்டி விற்பார்கள். மயிலும் குரங்கும் நரியும் அதற்காகவே காத்திருக்கும்.

அந்தப் பயணத்தில் வனத்துறைச் சோதனைச்சாவடியில் வண்டி எண்ணைப் பதிந்து, கட்டணம் கட்டி, வழிகாட்டி ஒருவரை முன்னிருக்கையில் ஏற்றிக்கொண்ட பிறகே உள்ளே விட்டார்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், போகிறவர்கள் முதலில் நிற்க வேண்டிய இடம் சாவடிதான். வழிகாட்டி கோடிக்கரைக்காரர், நாற்பது வயதிருக்கும். ஏறி உட்கார்ந்ததும் அவர் சொன்னது மூன்றே விஷயம்: ஹாரன் அடிக்கக் கூடாது, மண்பாதையை விட்டு இறங்கக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது.

"வண்டின்னா அதுங்களுக்குப் பயமில்லைங்க ஐயா. ஆளு இறங்குனாத்தான் ஓடும்."

சொந்த வண்டியில் காட்டுயிர் பார்ப்பதன் பலன் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது. நகரும் கார் மான்களுக்கு அச்சம் தரும் உருவமாகப் படுவதில்லை. இரண்டு காலில் நிமிர்ந்து நிற்கும் மனிதன்தான் வேட்டைக்காரன். எஞ்சினை அணைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, பேசாமல் உட்கார்ந்தால் காரே மறைவிடமாகிவிடும். வாடகை வேனில் இருபது பேராக வருகிறவர்கள் சுற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். சொந்த வண்டிக்கு நேரம் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நிற்கலாம். காட்டுயிர் பார்க்க அந்த நிற்றலைவிடப் பெரிய கருவி வேறில்லை. பைனாகுலர்கூட அதற்கு அடுத்ததுதான்.

காடு முடிந்து புல்வெளி திறக்கும் இடத்தில் மருமகன் வண்டியை நிறுத்தினார். முதலில் எதுவும் தெரியவில்லை. தட்டையான தரை, காய்ந்த புல், அங்கங்கே உப்பு பூத்த வெள்ளைத் திட்டு, தொலைவில் நாலைந்து மட்டக்குதிரைகள். பார்க்க ஒன்றுமில்லாத பொட்டல் என்றே யாரும் சொல்லியிருப்பார்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகு புல்லின் நிறத்திலேயே படுத்திருந்த பெட்டை மான்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. பிறகு ஒரு கிடா எழுந்து நின்றது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கிவிட்ட கயிறு போல இரண்டு கொம்புகள்.

"அப்புச்சி, அது மட்டும் ஏன் கறுப்பா இருக்கு?"

"அண்ணனைக் கேளு கண்ணு."

வழிகாட்டி விளக்கினார். கிடா குட்டியாக இருக்கும்போது பெட்டை போலவே பழுப்பு நிறம். வயது ஏற ஏறக் கறுக்கும். பெட்டைக்குப் பொதுவாகக் கொம்பு கிடையாது. முதிர்ந்த கிடா தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டு எல்லை குறிக்கும். மூக்கை மேலே தூக்கி, கொம்பை முதுகோடு சாய்த்து அது நடந்து காட்டுவதெல்லாம் இன்னொரு கிடாவுக்கான எச்சரிக்கை. ஓடத் தொடங்கினால் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை போகும் விலங்கு இது. அந்த ஓட்டத்துக்குத் தடையில்லாத வெட்டவெளி வேண்டும். புதருக்குள் அதனால் வாழ முடியாது. வெளிமான் என்ற தமிழ்ப் பெயரே அதன் வாழிடத்தைச் சொல்லிவிடுகிறது. வெளி இருந்தால் மான் உண்டு. தமிழ்நாட்டில் கிண்டி, வல்லநாடு, மோயாற்றுப் பள்ளத்தாக்கு என்று சில இடங்களிலேயே இவை மிஞ்சியிருக்கின்றன. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் இதற்கு இடம் தரப்பட்டிருக்கிறது.

பெரியவர் மானைவிடத் தரையையே அதிகம் பார்த்தார். கரூர், காங்கேயம் பக்கங்களில் கொரங்காடு என்று ஒன்று உண்டு. கிளுவை வேலி கட்டி, நடுவே வெள்வேல மரங்களை விட்டு, கொழுக்கட்டைப்புல் வளரவிட்ட மேய்ச்சல் காடு. உழாத நிலம் என்பதால் வெறும் நிலம் என்று யாரும் அங்கே சொல்வதில்லை. மாடும் ஆடும் அதை நம்பித்தான் நிற்கும். அவர் சிறுவனாக இருந்தபோது பரமத்திப் பக்கமும் அப்படிப்பட்ட மேய்ச்சல் புறம்போக்குகள் இருந்தன. பிறகு கோழிப்பண்ணைகள் வந்தன, மனைக்கற்கள் வந்தன, எஞ்சியதில் சீமைக்கருவேலம் ஏறியது. மரம் நட்டால் காடு, நடாவிட்டால் தரிசு என்று அரசுக் கோப்புகள் நெடுங்காலம் நினைத்துவந்த நாட்டில், புல்வெளியும் ஒரு காடுதான் என்று அந்தப் பொட்டலைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டவர் அந்தக் காரில் அவர் ஒருவரே. படித்த மருமகனுக்கு வழிகாட்டி சொல்லித்தான் புரிந்தது.

சீமைக்கருவேலம் கோடிக்கரையிலும் இருக்கிறது. அதன் காய் இனிப்பு. மானும் குதிரையும் தின்று விதையைச் சாணத்தோடு புல்வெளி எங்கும் போடுகின்றன. முளைத்த புதர் புல்லை மூடுகிறது. மான் தனக்குப் பகையான செடியைத் தானே விதைக்கிறது என்பது இந்த இடத்தின் பெரிய வேதனை. வனத்துறை வெட்டுகிறது, வேர் கிடந்தால் மறுபடி துளிர்க்கிறது. மட்டக்குதிரைகள் இந்தக் காட்டுக்கு உரியவை அல்ல. மனிதர் வளர்த்துக் கைவிட்டவற்றின் வழிவந்து காட்டுக்குதிரைகளாகிவிட்டவை. மானுக்கு வேண்டிய அதே புல்லை அவையும் மேய்கின்றன.

ராமர் பாதம் என்ற மேட்டுக்கு அடுத்து வண்டி போனது. சரணாலயத்தின் மிக உயர்ந்த இடம் அது. உயரம் கடல்மட்டத்திலிருந்து 4 மீட்டர். கொல்லிமலையைத் தினமும் பார்த்து வளர்ந்த பேத்தி இதை நம்பவில்லை. மேலே ஏறி நின்றதும்தான் அந்த நான்கு மீட்டரின் மதிப்பு தெரிந்தது. ஒரு பக்கம் காட்டின் தலை, மறுபக்கம் புல்வெளி, அதற்கப்பால் சதுப்பின் பளபளப்பு, எல்லாவற்றையும் சுற்றிக் கடல். இவ்வளவு தட்டையான நிலத்தில் ஒரு சாண் உயர வேறுபாடுகூட எந்தச் செடி வளரும், எங்கே தண்ணீர் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. மேட்டில் பாலை, சற்றுத் தாழ்ந்தால் புல், இன்னும் தாழ்ந்தால் உமரி, அதற்கும் கீழே வெறும் சேறு.

பறவைகளுக்கு அந்தச் சேறுதான் சோறு. வடகிழக்குப் பருவமழை சதுப்பை நிரப்பிய பின், அக்டோபர் முதல் மார்ச் வரை இங்கே வலசைப் பறவைகள் தங்குகின்றன. இருபது முப்பது கிராமே எடையுள்ள சின்ன உள்ளான், சைபீரியாவின் ஆர்க்டிக் ஓரத்தில் முட்டையிட்டுப் பொரித்துவிட்டு இங்கே குளிர்காலம் கழிக்க வருகிறது. ஊசிவால் வாத்து, ஆலாக்கள், மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா என்று பட்டியல் நீளும். இந்த இடத்தின் அருமையை 1960-களின் தொடக்கத்தில் எடுத்துச் சொன்னவர் சாலிம் அலி. 1883-இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பிறகு இங்கே பல ஆண்டுகள் பறவைகளைப் பிடித்து, காலில் உலோக வளையமிட்டுப் பறக்கவிட்டது. பிடிப்பதற்குப் பீகாரிலிருந்து மீர்ஷிகார் எனப்படும் பரம்பரைப் பறவை பிடிப்பவர்களை வரவழைத்தார்கள். தின்பதற்காகக் கண்ணி வைத்த கை, எண்ணுவதற்காகக் கண்ணி வைத்தது. வளையமிட்ட பறவை தொலைதூர நாட்டில் எங்காவது கிடைத்தால், அது போன வழி தெரிந்துவிடும். கோடிக்கரையிலும் முன்பு உள்ளானும் மடையானும் சந்தைக்குப் போயின. வழிகாட்டியின் தகப்பனாரும் வலை வைத்தவர்தானாம். மகன் அதை மறைக்காமல் சொன்னார். எந்தப் பறவை எந்த நேரத்தில் எங்கே இறங்கும் என்ற அவருடைய அறிவு முழுவதும் அந்த வலையிலிருந்து வந்தது.

பூநாரையைப் பார்க்க மறுநாள் காலை சதுப்பின் வடபுறத்து உப்பளங்களுக்குப் போனார்கள். அது சரணாலயத்துக்கு வெளியே என்பதால் வழிகாட்டி வரவில்லை. பாத்தி வரப்புகளின் மேல் ஓடும் மண்சாலையில் மெல்ல ஊர்ந்தபோது, தொலைவில் ஒரு வெளிறிய ரோஜாக் கோடு தெரிந்தது. பெரியவர் கையை நீட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு முன் உப்பு பூத்திருப்பதாக எண்ணிய அதே நிறம். பைனாகுலரில் அந்தக் கோடு கால்களும் கழுத்துகளுமாகப் பிரிந்தது. பூநாரை தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, நாக்கால் நீரை இழுத்து வெளியேற்றி, அலகின் ஓரச் சல்லடையில் சிக்கும் நுண்ணுயிர்களைத் தின்கிறது. பாசியிலும் உப்புநீர் இறாலிலும் உள்ள நிறமிதான் இறகுக்கு அந்த ரோஜா நிறத்தைத் தருகிறது. இவை குஜராத்தின் கட்ச் சதுப்பில் கூடு கட்டுபவை. நீரின் ஆழமும் உப்பின் அளவும் சற்று மாறினாலும் இரை மாறிவிடும், பறவை இடம் பெயர்ந்துவிடும். உப்பளம் பெருகப் பெருகச் சதுப்பின் இயல்பான நீரோட்டம் மறிக்கப்படுகிறது என்பது பறவை ஆய்வாளர்களின் நெடுநாள் கவலை. உப்பும் வேண்டும், பூநாரையும் வேண்டும். அந்த உப்பை ஏற்றியே பிள்ளைகளைப் படிக்கவைத்த மனிதர் அங்கே நின்று அதைக் கேட்டது, மற்றவர்கள் கேட்டதிலிருந்து வேறானது.

இன்னும் பக்கத்தில் போகலாம் என்று மருமகன் வண்டியை வரப்பிலிருந்து இறக்கினார். வெள்ளைத் தரை கெட்டியாகவே தெரிந்தது. பத்தடி போனதும் முன்சக்கரங்கள் இரண்டும் இறங்கின. கோடிக்கரைச் சேற்றின் இயல்பு இது. வெயிலில் மேலே உப்பு இறுகிப் பலகை போல நிற்கும், கீழே களிச்சேறு ஈரமாகவே இருக்கும். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது, அதன் கதைமாந்தரான பூங்குழலியின் கோடிக்கரையில் வரும் புதைசேற்றைப் படித்தவர்கள் கதைக்காகக் கட்டியது என்று நினைத்திருக்கலாம். ஆளை விழுங்கும் அளவுக்கு இல்லாவிட்டாலும், வண்டியின் அச்சு வரை இழுக்கும் சேறு அங்கே இன்றும் உண்டு.

மருமகன் ஆக்சிலேட்டரை மிதிக்க, சக்கரம் சுழன்று சேற்றை வாரி இறைத்தது.

"மிதிக்காதீங்க மாப்ள. மிதிக்க மிதிக்கத் தோண்டும். ஆஃப் பண்ணுங்க."

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். முதலில் நான்கு சக்கரத்திலும் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கினார். காற்றுக் குறைந்தால் டயர் அகலமாகப் பரந்து சேற்றின் மேல் நிற்கும். பிறகு முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கையால் சேற்றை வாரி, சரிவாக வழி வெட்டினார். உப்புக் குவியல் மேலிருந்து சரிந்து கிடந்த பழைய தென்னை மட்டைகளை உப்பளத் தொழிலாளிகள் இருவர் கொண்டுவந்து கொடுத்தார்கள். மட்டைகளை டயருக்குப் பின்னால் குறுக்காக அடுக்கி, வந்த தடத்திலேயே, ரிவர்சில் அரை கிளட்சில் மெல்ல எடுக்கச் சொன்னார். மூன்றாவது முறையில் வண்டி வரப்பேறியது. ஒன்றரை மணி நேரம் போனது. அதற்குள் பூநாரைகள் எழுந்து வேறு பாத்திக்குப் போய்விட்டன. பறக்கும்போது மட்டும் தெரியும் இறக்கையின் சிவப்பும் கறுப்பும் அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தன. வேதாரண்யத்தில் முதல் வேலையாகக் காற்றடித்து, வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவினார்கள். உப்புச்சேற்றை அப்படியே விட்டால் ஒரு மழைக்காலத்துக்குள் தகடு துருப்பிடித்துவிடும் என்பது உப்பு லாரி ஓட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டாத பாடம்.

பத்து மாதம் கழித்து, 2018 நவம்பர் 16 அதிகாலையில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையைக் கடந்தது. வேதாரண்யம் வட்டாரத்தில் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் படுத்தன. கோடியக்காட்டில் பழம்பெரும் மரங்கள் வேரோடு சாய்ந்தன. மான்களும் குதிரைகளும் நீரில் அடித்துச் செல்லப்பட்டு, வடக்கே காரைக்கால் கரை வரை உடல்கள் ஒதுங்கின. நான்கு மீட்டரே மேடாக உள்ள காட்டில் கடல் ஏறினால் ஓடுவதற்கு இடமில்லை.

அந்தக் குடும்பம் 2020 மாசியில் மறுபடியும் போனது. திருத்துறைப்பூண்டியைத் தாண்டியதும் வானம் அகலமாகத் தெரிந்தது. தோப்புகள் இருந்த இடத்தில் முழங்கால் உயரக் கன்றுகள். கோடியக்காட்டுச் சாலையில் முன்பு இருந்த நிழல் பாதியாகியிருந்தது. பழைய வழிகாட்டியே வந்தார். அவர் வீட்டு ஓடு முழுவதும் போயிருந்தது. சோழர் காலத்தது என்று ஊரார் சொல்லும் பழைய கலங்கரை விளக்கம் 2004 சுனாமியில் இடிந்தது பற்றி முன்பு நிதானமாகப் பேசியவர், இந்தப் புயலைப் பற்றி அதிகம் பேசவில்லை. வழியில் ஒரு பாலை மரத்தை மட்டும் நிறுத்திக் காட்டினார். அடிமரம் தரையோடு சாய்ந்து கிடந்தது. பாதி வேர் மண்ணில் பிடித்திருந்ததால், சாய்ந்த தண்டின் மேல்பக்கம் வரிசையாகப் புதுக்கிளைகள் நேராக எழுந்திருந்தன. புல்வெளியில் வெளிமான்கள் இருந்தன. முன்பைவிடக் குறைவு என்றே அவர்கள் கண்ணுக்குப் பட்டது. பெட்டைகளுக்கு நடுவே இரண்டு குட்டிகள் இருந்தன. பேத்திக்கு இப்போது பதின்மூன்று வயது. எஞ்சினை அணைக்கச் சொன்னது, கண்ணாடியை இறக்கியது, அடுத்து ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் இருந்தது எல்லாம் அவள்தான்.

திரும்பும் வழியில் முத்துப்பேட்டைக்குப் போய், ஜாம்புவானோடையில் படகு ஏறினார்கள். கோரையாற்றில் இருபுறமும் அலையாத்தி மரங்கள் நெருங்கி நிற்கின்றன. ஈட்டி முனை போலச் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் சுவாச வேர்களுக்கு இடையே நண்டுகள் ஓடின. சுனாமியின்போது இந்த மரங்கள் அலையைத் தாங்கியதைப் படகுக்காரர் சொல்லிக்கொண்டே வந்தார். ஆறு அகன்று காயலாகும் இடத்தில் அவர் மோட்டாரை நிறுத்தினார். மேட்டூரில் விட்ட தண்ணீர் கடைசியாகச் சேரும் இடங்களில் இது ஒன்று என்று மருமகன் சொன்னார். பெரியவர் படகின் ஓரத்தில் குனிந்து ஒரு கை நீரை அள்ளி நாக்கில் வைத்தார். அணை மூடி, ஆற்றில் வரத்து நின்றுபோயிருந்த நேரம் அது. நீர் முழுக்கக் கடலாகவே கரித்தது.